பொதுப் பக்கமும் தனிப் பொறுப்பும்

எழுதுவது என்பது பொறுப்பேற்பது. ஒரு கூற்றை எழுத்தில் வைப்பவர், சான்று கேட்கப்படும்போது அதைக் காட்டவும், பிழை சுட்டப்படும்போது திருத்தவும், மறுப்பு எழும்போது விடை கூறவும் கடமைப்பட்டவர் ஆகிறார். அக்கடமையை இளமையிலேயே உணர்த்துவதற்காகத்தான் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டுரை எழுதப் பயிற்றுகிறோம். பலர் ஒரே பக்கத்தில் எழுதவும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும் இடந்தரும் இணையக் கருவிகள் வகுப்பறைக்குள் வந்துவிட்ட இந்நாளில், அக்கடமை பலரிடையே பங்கிடப்பட்டு வலுப்பெறுமா, எவருக்கும் உரியதாகாமல் கரைந்துபோகுமா என்னும் வினா எழுந்துள்ளது. கல்வியில் அக்கறையுள்ள எவரும் ஒதுக்கிவிடக் கூடாத வினா இது.

கூடிக் கற்றல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் மாணவனுக்குப் புலமையில் காற்பங்கே வாய்க்கும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் 13 ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலார் பவணந்தி முனிவர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரமே கூறுகிறது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பதும், பின்வந்தோர் முன்னோர் கொண்ட பாடத்தையும் பொருளையும் ஏற்றும் மறுத்தும் தம் உரையை நிறுவினர் என்பதும் நாமறிந்த வரலாறு. நூல் ஒருவருடையதே ஆயினும் அதனைச் செம்மை செய்யும் உழைப்பு அவைக்குரியது என்பதும், அவையில் வாய் திறப்பவர் ஒவ்வொருவரும் தம் சொல்லுக்குத் தாமே பிணை என்பதும் அம்மரபின் இரு தூண்கள்.

இன்றைய வகுப்பறையில் இவ்விரண்டுமே தளர்ந்துள்ளன. மாணவர் எழுதும் கட்டுரைக்கு ஒரேயொரு வாசகர் இருக்கிறார். அவரும் நாற்பது ஏடுகளை ஒரே மாலையில் திருத்த வேண்டிய நிலையில் உள்ள ஆசிரியர். சிவப்பு மையில் ஒரு கோடும் ஒரு மதிப்பெண்ணும் விழுந்தவுடன் அக்கட்டுரையின் வாழ்வு முடிந்துவிடுகிறது. திருத்தியதை மீண்டும் எழுதிப்பார்க்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பாடநூலில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று பொதுத்தேர்வு மீண்டும் மீண்டும் உறுதிசெய்வதால், பிறர் சொற்களைத் தம் சொற்களாக எழுதுவது குற்றம் என்னும் உணர்வே மாணவரிடம் வேர்விடுவதில்லை. துணைநூலிலிருந்து பெயர்த்தெழுதிப் பழகிய கை, இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவதற்குத் தயங்குவானேன்?

இந்நிலையில்தான் கூட்டெழுத்துக் கருவிகள் நம்முன் வருகின்றன. 1995 ஆம் ஆண்டு அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வார்டு கன்னிங்காம், எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தக்கூடிய 'விக்கி' என்னும் முதல் தளத்தை இணையத்தில் வைத்தார். அவ்வமைப்பின்மேல் 2001 ஆம் ஆண்டு விக்கிப்பீடியா எழுந்தது. 2006 ஆம் ஆண்டு ரைட்லி என்னும் எழுதுகருவியை உருவாக்கிய சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்கியதைத் தொடர்ந்து, பலர் சேர்ந்து எழுதும் ஆவணம் பொதுமக்கள் கைக்கு எட்டியது. இவற்றின் பொதுத்தன்மை ஒன்றுண்டு. பக்கத்தின் இன்றைய வடிவம் மட்டுமன்றி, அது கடந்துவந்த ஒவ்வொரு வடிவமும், யார் எந்நாளில் எந்நேரத்தில் எச்சொல்லைச் சேர்த்தார், எச்சொல்லை நீக்கினார் என்னும் குறிப்போடு சேமிக்கப்படுகிறது. தாளில் எழுதும் கட்டுரை தன் பிறப்பை மறைத்துக்கொள்கிறது. இப்பக்கமோ அதனை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது.

இதன் பயனை ஓர் எளிய நிலைமையில் வைத்துக் காணலாம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் நால்வர் தம் ஊர் ஏரியைப் பற்றிச் சேர்ந்து எழுதுவதாகக் கொள்வோம். 'இவ்வேரி மிகப் பழைமையானது' என்று முதலாமவர் தொடங்குகிறார். எவ்வளவு பழைமை என்று இரண்டாமவர் ஓரத்தில் கேட்கிறார். கோயில் கல்வெட்டில் ஏரியின் பெயர் உள்ளதெனத் தம் பாட்டனார் சொன்னதாக முதலாமவர் விடையிறுக்க, காதால் கேட்டதை எழுதக் கூடாது, அச்சான கல்வெட்டுத் தொகுதியில் தேடு என்று மூன்றாமவர் பணிக்கிறார். சில நாள்களில் 'மிகப் பழைமையானது' என்னும் சொற்கள் அழிந்து, அவ்விடத்தில் ஒரு மன்னரின் பெயரும் ஆட்சியாண்டும் தொகுதியின் பக்க எண்ணும் அமர்கின்றன. மதகு இரண்டா மூன்றா என்னும் பூசல் எழும்போது, ஒருவர் கரைக்கே போய் எண்ணிவந்து எழுதுகிறார். நான்காமவர் ஒரே ஒருமுறை உள்நுழைந்து ஒரு காற்புள்ளி மட்டும் இட்டுச் சென்றார் என்பதும் அவ்வரலாற்றில் பதிவாகிறது. ஆசிரியர் மதிப்பிட வேண்டியது இறுதிப் பக்கத்தை மட்டுமன்று. அழிந்துபோன அந்த முதல் வரியிலிருந்து பக்க எண் வரை சென்ற பயணத்தையும் அவர் மதிப்பிட வேண்டும்.

ஆயினும் கருவியின் இயல்பு ஒன்று, அது கையாளப்படும் முறை மற்றொன்று. கடந்த இருபதாண்டுக் கல்வி வரலாற்றில் மூன்று நிகழ்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. முன்னுதாரணங்களை எண்ணிப்பார்த்து முடிவெடுப்பதே பொதுப்பொறுப்பில் உள்ளோர்க்கு அழகு என்பதால் அவற்றை இங்கு நினைவூட்டுகிறோம்.

முதல் நிகழ்வு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரியில் நடந்தது. அங்கு நீல் வாட்டர்ஸ் என்னும் பேராசிரியரிடம் சப்பானிய வரலாறு பயின்ற மாணவர் சிலர், 17 ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த சிமபாரா கிளர்ச்சிக்கு இயேசு சபையினர் துணைநின்றனர் என்று தேர்வில் ஒன்றுபோல எழுதியிருந்தனர். அக்காலச் சப்பானில் இயேசு சபையினர் எந்தக் கிளர்ச்சிக்கும் துணைநிற்கும் நிலையிலேயே இருக்கவில்லை. ஒரே பிழை பல தாள்களில் வந்ததன் காரணத்தைத் தேடியபோது, அது விக்கிப்பீடியாவில் அன்றிருந்த ஒரு வரிக்கு இட்டுச்சென்றது. 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை, மாணவர் தம் கட்டுரைகளில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டலாகாது என்று முடிவுசெய்தது. படிக்கவே கூடாதென்று அத்துறை தடுக்கவில்லை. சான்றாக நிறுத்தாதே என்றது. கலைக்களஞ்சியம் எதுவாயினும் அது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது என்பதால், அம்முடிவு நெறிக்கு இயைந்ததே. எனினும் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. பிழையான வரியைக் கண்டவர் அதனைத் திருத்தும் உரிமை பெற்றிருந்தும், நுகர்வோராகவே நின்றுவிட்ட மாணவரை எழுதுவோராக உயர்த்தும் வழியை விலக்கு காட்டவில்லை.

அவ்வழியை அடுத்த ஆண்டே கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாப் பல்கலைக்கழகம் காட்டியது. இலத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்த சான் பீசிலி மரே என்னும் பேராசிரியர், பருவக் கட்டுரைக்கு மாற்றாக, தாம் பாடமாக வைத்த நூல்களையும் எழுத்தாளர்களையும் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளைச் சிறு குழுக்களாகச் செம்மைசெய்யும் பணியை 2008 இல் மாணவரிடம் ஒப்படைத்தார். அத்தளத்தில் 'நல்ல கட்டுரை', 'சிறப்புக் கட்டுரை' என்னும் தகுதிகளை, அறிமுகமற்ற பிற எழுத்தாளர் வரிவரியாக ஆராய்ந்து குறைகூறித் தீர்த்த பின்னரே வழங்குவர்; அத்தகுதிகளையே அவர் இலக்காக வைத்தார். பட்டறிவு மிக்க தன்னார்வலர் குழு ஒன்று மாணவர்க்குத் துணைநின்றது. குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கெல் அசுத்தூரியாசின் புதினமாகிய 'எல் செஞோர் பிரெசிதெந்தே' பற்றிய பக்கம் நூற்றுக்கணக்கான திருத்தங்களைக் கண்டு சிறப்புக் கட்டுரை ஆயிற்று. பருவ முடிவில் அவ்வகுப்பின் மூன்று பக்கங்கள் சிறப்புக் கட்டுரைகளாகவும் எட்டுப் பக்கங்கள் நல்ல கட்டுரைகளாகவும் ஏற்கப்பட்டன. ஆசிரியர் ஒருவர் மட்டும் படித்து அடுக்கிவைக்கும் தாளுக்குச் செலுத்தாத உழைப்பை, உலகம் படிக்கும் பக்கத்துக்கு மாணவர் செலுத்தினர்.

மூன்றாவது நிகழ்வு நம் நாட்டினது. எனவே நாம் மிகவும் கருதத் தக்கது. அமெரிக்கக் கல்லூரிகளில் முந்திய ஆண்டு பெற்ற வெற்றியைப் பின்பற்றி, 2011 ஆம் ஆண்டு புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பல நூறு மாணவர் ஒரே பருவத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப் பணிக்கப்பட்டனர். சில வாரங்களுக்குள், நூல்களிலிருந்தும் இணையத்தளங்களிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட பத்திகள் பக்கம் பக்கமாக வந்து குவிந்தன. பதிப்புரிமை மீறல்களைக் கண்டுபிடித்து நீக்கும் சுமை, இத்திட்டத்தில் எவ்வகையிலும் கலந்துகொள்ளாத தன்னார்வலர் தலையில் விழுந்தது. எச்சரிக்கைகள் பலனளிக்காத நிலையில் அவ்வாண்டு முடியும் முன்னரே திட்டம் நிறுத்தப்பட்டது. நடந்ததை வெளியார் ஒருவரைக் கொண்டு ஆராய்வித்து, குறைகளை மறைக்காமல் அறிக்கையாக வெளியிட்ட நேர்மை அந்நிறுவனத்துக்கு உண்டு.

அத்தோல்விக்கு மாணவரை மட்டும் பழிப்பது நீதியாகாது. வழிகாட்ட அமர்த்தப்பட்டோரில் பலர் தாமே அத்தளத்தில் எழுதிப் பழகாதவர். பேராசிரியருள்ளும் அதன் நெறிகளை அறிந்தோர் அரியர். வகுப்புகள் பெரியவை; மொழியோ பலருக்கு வீட்டுமொழியன்று. படித்ததைத் தன் சொல்லில் சுருக்கி எழுதுவதைப் பள்ளியில் ஒருநாளும் பயிலாத ஒருவரை, அயல்மொழியில், உலகத்தார் முன்னிலையில், மதிப்பெண் அச்சத்தோடு எழுதவைத்தால் அவர் பெயர்த்தெழுதாமல் வேறென்ன செய்வார்? கனடாவில் சிறு வகுப்பும், நெறியறிந்த ஆசிரியரும், உடன்நின்ற துணைவரும் இருந்தனர். புனேயில் இம்மூன்றும் போதவில்லை. இரண்டு இடத்திலும் கருவி ஒன்றே.

எனவே இப்பொருளில் நாம் கொள்ளும் நிலை இதுவாகும்: கூட்டெழுத்துக் கருவி ஆசிரியரின் உழைப்பைக் குறைக்க வந்த ஒன்றாகக் கருதப்படும் இடத்தில் அது கேட்டையே விளைவிக்கும், அவ்வுழைப்பைப் பெருக்கிக்கொள்ளவும், அதற்கு வேண்டிய நேரத்தை ஒதுக்கிக்கொள்ளவும் ஆயத்தமான இடத்தில் மட்டுமே அது கல்விக் கருவியாகும். திருத்த வரலாற்றை இயந்திரம் சேமிக்கும். படித்துப் பொருள்கொள்ள வேண்டியவர் ஆசிரியரே.

தமிழுக்கு இதில் தனித்ததொரு வாய்ப்பு உண்டு. இணையத்தில் கூடி உழைக்கும் வழக்கத்தைத் தமிழர் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தன்னார்வலர் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் அளித்த உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி அனைவர்க்கும் வழங்கியது. 2003 இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா 2017 இல் ஓரிலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதன் எழுத்தாளர் கருத்து மாறுபாடுகளைப் பேசித் தீர்க்கும் பொதுவிடத்துக்கு 'ஆலமரத்தடி' என்றே பெயரிட்டுள்ளனர். 2010 ஆம் ஆண்டு கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசின் துணையோடு கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017 இல் அரசுப் பள்ளி ஆசிரியர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் போட்டி பரிசோடு முடிகிறது. பயிற்சி சான்றிதழோடு முடிகிறது. ஆண்டுதோறும் தொடரும் பாடவேலையாக அவை வகுப்பறையில் நிலைகொள்ளாமைக்குக் கல்வியை நடத்துவோர் விடை கூற வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவர் முன்னரே ஆயிரவர் உழுத நிலத்தில் இடம் தேடுகிறார். தமிழில் எழுதுபவரோ தம் ஊர் ஆறும், தம் வட்டாரத்து மீன்வகையும், தம் மாவட்டத்தில் பிறந்து மறக்கப்பட்ட புலவரும் இன்னும் ஒரு பக்கம்கூடப் பெறாமல் காத்திருக்கக் காண்கிறார். பாடநூலிலோ துணைநூலிலோ இல்லாத பொருளைப் பற்றி எழுதவேண்டி வரும்போது பெயர்த்தெழுதும் சோம்பலுக்கு இடமே இராது. நூலகத்துக்கும், வருவாய்த்துறைப் பதிவேட்டுக்கும், ஊர்ப் பெரியவர்களிடத்துக்கும் அவர் போயே ஆக வேண்டும். வீட்டுமொழியில் எழுதுவதால், படித்ததைத் தன் சொல்லில் சொல்லும் பயிற்சியும் இயல்பாக அமையும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளையும் நேர்மையோடு எண்ண வேண்டும். ஒருவர் உழைக்க மூவர் மதிப்பெண் பெறுவர் என்பது முதல் தடை. குழுவேலை எதற்கும் உள்ள இக்குறையைத் தாளைவிட இக்கருவியே தெளிவாகப் புலப்படுத்தும் என்பதை முன்னரே கண்டோம். எனினும் திருத்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பெண் வழங்கும் எளிய வழிக்கு ஆசிரியர் இறங்கிவிடக் கூடாது. காற்புள்ளிகளை இடுவதும் எடுப்பதுமாக எண்ணிக்கையைப் பெருக்கும் கலையை மாணவர் ஒரே வாரத்தில் கற்றுவிடுவர்.

கருவி அனைவர்க்கும் கிட்டாது என்பது இரண்டாவது தடை; இதுவே கடுமையானது. 2011 முதல் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியதும், பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைத்ததும் தமிழகத்தின் நற்செயல்கள். ஆயினும் 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தையின் ஒற்றைக் கைப்பேசிக்காக மூன்று பிள்ளைகள் மாலைவரை காத்திருந்த வீடுகளை நாம் கண்டோம். வீட்டுப்பாடமாக இதனை விதிப்பது, கருவி உள்ளவர்க்கு மேலும் ஒரு படியைக் கட்டித்தருவதாகவே முடியும். ஆகையால் பள்ளி நேரத்தில், பள்ளி ஆய்வகத்தில், பாடவேளைக்குள் இது நிகழ வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

மூன்றாவது, சிறார் நலன். பொதுத்தளத்தில் எழுதியது எழுதியதுதான். பக்கத்திலிருந்து நீக்கினாலும் வரலாற்றில் நிற்கும். 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைச் சிறாராகக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வலியுறுத்துகிறது. பள்ளியின் பெயரோ மாணவரின் இயற்பெயரோ இன்றிப் புனைபெயரில் எழுதவைப்பதும், வகுப்புக்குள் மூடிய பக்கத்தில் பயின்ற பின்னரே விரும்புவோரைப் பொதுத்தளத்துக்கு அனுப்புவதும் ஆசிரியரின் கடமைகள். அதுபோலவே, மாணவர் எழுதிக்கொண்டிருக்கையில் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் பின்தொடர்ந்து கண்காணிக்கும் ஆசையையும் அவர் அடக்கிக்கொள்ள வேண்டும். தவறி எழுதிப் பார்க்கும் தனிமை எழுதக் கற்பவரின் உரிமை.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் கட்டுரை தரும் இயந்திரங்கள் மாணவர் கைக்கெட்டியுள்ளன. இறுதித் தாளை மட்டும் வாங்கி மதிப்பெண் இடும் பழைய முறை இதனால் ஆட்டங்கண்டுவிட்டது. எழுத்து எவ்வாறு உருவாயிற்று என்பதையும், ஏன் இச்சொல்லை மாற்றினாய் என்று கேட்டால் மாணவர் வாய்திறந்து சொல்லும் விடையையும் மதிப்பிடுவதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை. திருத்த வரலாறு முழுமையான காவலன்று. இயந்திரம் தந்ததைச் சிறிது சிறிதாகத் தட்டெழுதி ஏமாற்றவும் கூடும். ஆனால் வரலாற்றை முன்வைத்து ஆசிரியர் கேட்கும் ஐந்து நிமிட வினாக்களுக்கு முன் அந்த ஏமாற்று நெடுநேரம் நில்லாது.

பள்ளிக்கல்வித் துறை செய்யத்தக்கன சில உள. எல்லாப் பள்ளிகளிலும் ஒரேநாளில் தொடங்கும் ஆணை வேண்டா. புனே கற்பித்த பாடம் அதுவே. மாவட்டத்துக்குச் சில பள்ளிகளில், தாமே ஓராண்டு எழுதிப் பழகிய ஆசிரியரைக் கொண்டு, பதினொன்றாம் வகுப்பில் தொடங்கலாம். அவ்வகுப்புக்குப் பொதுத்தேர்வின் நெருக்கடி குறைவாதலால் புதிய முயற்சிக்கு அது இடங்கொடுக்கும். மேல்நிலை வகுப்பின் அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். முதல் பருவம் முழுவதும் ஒரு பத்தியைத் தன் சொல்லில் சுருக்குவதும், சான்று காட்டுவதும், பிறர் எழுத்தைப் பண்போடு குறைகூறுவதும் மட்டுமே பயிற்றப்பட வேண்டும். அவை கைவந்த பின்னரே பொதுப் பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் புள்ளிவிவரம் பதிவேற்றுவதில் கழியும் ஆசிரியரின் நேரத்தை மீட்டு, அதனை மாணவர் எழுத்தின்மேல் செலுத்த வழிவகுக்க வேண்டும். இம்மீட்பு நிகழாதாயின் ஏனைய பரிந்துரைகள் யாவும் கோப்பில் உறங்கும்.

கருவி வாங்குவது எளிது. அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் போதும். நாற்பது பேர் எழுதும் பக்கத்தைப் பொறுமையோடு படிக்கும் ஓர் ஆசிரியரை உருவாக்குவதற்கும், அவரை அப்பணியில் நிலைநிறுத்துவதற்கும் பல ஆண்டுகளும், பாடவேளைகளும், நிதியும் வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் கணினிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையின் அருகில், அவற்றில் எழுதக் கற்பிப்போர்க்கென ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அதைக் கேட்கும் கடமை அவர்தம் பேராளர்களாகிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், அவர்களோடு நமக்கும் உண்டு.